நெகிழ்வட்டு இலக்கணம்: செஞ்சி வழக்கை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூலாரின் முடிபாதலின், பழைய வீட்டுக் கணிப்பொறியை விலைக்கு வாங்கி அதில் பிளாப்பி விளையாட்டுகளை ஓட்டும் கலையை ஆராயப் புகும் இவ்வாய்வும் அவற்றுள் இயன்றவற்றைச் சொல்லித் தொடங்குகிறது. ஆக்கியோன் பெயர் அடக்கத்தால் விடப்பட்டது; வழி, இதற்கு முன் எவரும் இவ்வழி வாராமையால் விடப்பட்டது. எல்லையாவது, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டையும், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அதன் அருகே அமைந்த ஊருமாகும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் படையரண்கள் என்ற தொகுதியில் மகாராஷ்டிரக் கோட்டைகள் 11உடன் செஞ்சியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, கோட்டையைப் பற்றி எழுதுவோர்க்குக் குறைவில்லை. ஆனால் அதே ஊரின் பரண்களில் துணி போர்த்திக் கிடக்கக்கூடிய கணிப்பொறிகளைப் பற்றி எழுத ஒருவரும் முன்வரவில்லை. பல்கலைக்கழக வழக்கில் இதற்கு ஆய்வு இடைவெளி என்று பெயர். ஒரு பொருளை ஆராயாமல் முன்னோர் விட்டதற்கு நல்ல காரணம் இருந்திருக்கலாம் என்னும் ஐயம் எழாதிருப்பதே அவ்விடைவெளியின் இலக்கணம்.

இனி, வீட்டுக் கணிப்பொறி யாது என்பது. விசைப்பலகையும் மூளையும் ஒரே பெட்டிக்குள் அமைய, வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாகக் கொண்டு, 1970களின் பிற்பகுதியிலிருந்து விற்கப்பட்ட சிறுபொறியே அது என்பர் ஒருசாரார். வீட்டில் இருக்கும் கணிப்பொறி எதுவாயினும் வீட்டுக் கணிப்பொறியே என்பர் மறுசாரார். முதற்சாரார் கூற்றை ஏற்பின் செஞ்சியில் ஆராய்வதற்கு யாதும் இராது என்பதால், இரண்டாம் கூற்றே வலியுடைத்தெனக் கொள்ளப்பட்டது.

ஆயினும் முதல்வகைக்கு நம் நாட்டில் சான்றில்லை என்று கருதற்க. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறி, 1984இல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தின் வழியே நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது; அதையே மொகாலியிலிருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், யூனிகார்ன் என்ற பெயரில் செய்தளித்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இக்கட்டுரையை இன்றைய ஒருங்குறி முறையில் சேமிக்க முயன்றால் அதில் இடம் போதாது. ஆனால் இயன் பெல், டேவிட் பிரேபன் என்னும் இரு மாணவர்கள் 1984இல் அதே 32 கிலோபைட்டுக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களையும், மண்டலத்துக்கு 256 கோள்களையும் ‘எலைட்’ என்ற விளையாட்டாக அடைத்தார்கள். சுருங்கச் சொல்லல் என்னும் அழகுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லையாயினும், உரையாசிரியர் எவரும் அதை மேற்கோள் காட்டியதாகத் தெரியவில்லை.

ஸ்பெக்ட்ரம் பொறியில் கேசட் கொண்டு விளையாட்டை ஏற்றுவோர் புறச்சமயத்தார். அவர் ஈண்டுக் கருதப்படார்.

இரண்டாவதும் செஞ்சிக்கு மிகவும் பொருந்துவதுமான வகை, 1990களில் சிறு நகரங்கள்தோறும் கம்ப்யூட்டர் சென்டர் என்ற பெயரில் நடந்த பயிற்சிக்கூடங்கள் மூடப்பட்டபோது கைமாறிய டாஸ் மேசைப்பொறியாகும். இதை அடைய இரு மார்க்கங்கள் உள. ஒன்று, பேருந்தேறிச் சென்னைக்குப் போய் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடைகடையாக ஏறி இறங்குவது; மற்றொன்று, உள்ளூர்ப் பழைய இரும்புக் கடையில் தராசுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது. இரண்டிலும் நிகழும் உரையாடல் ஒன்றே. “அண்ணே, இது ஓடுமா?” என்பது வாங்குவோன் கூற்று. “போன வாரம் வரைக்கும் ஓடிச்சு தம்பி” என்பது விற்போன் கூற்று. இவ்விடையில் காலம் குறிக்கும் பகுதி நுண்ணிது. நேற்று ஓடியது என்றால் இன்று ஓட்டிக் காட்டச் சொல்லுவர். போன மாதம் என்றால் இடையில் என்ன நேர்ந்தது என்று கேட்பர். ஆகவே கணிப்பொறிகள் யாவும், அவை எந்த ஆண்டில் செய்யப்பட்டவையாயினும், விலைபேசப்படும் நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பே பழுதாகின்றன.

வாங்கிய பொறிக்கு முதன்முதலில் மின்சாரம் கொடுப்பது ஒரு வேள்வி எனத் தகும். மின்வழங்கியின் வாயிலில், மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காகக் காகிதம் சுற்றிய மின்தேக்கி ஒன்றைப் பி.பி.சி. மைக்ரோ முதலிய பொறிகளில் வைத்திருந்தனர். கடைத்தெருவில் இதைக் கண்டென்சர் என்பர். ஆண்டுகள் செல்ல அதன் மேலுறை வெடிப்புற்று, காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காத்திருக்கும். பின்னர் ஒருநாள் மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் வெடித்து, அறை முழுவதும் நெடியுள்ள புகையை நிரப்பும். புகை வந்ததும் பொறி இறந்தது என்று கருதி அழுவோர் உளர். அத்தேக்கி வடிகட்டுவதற்கு மட்டுமே உரியதாகலின், புகைக்கு நடுவேயும் பொறி ஓடிக்கொண்டிருப்பது பெரும்பான்மை. ஓம்புகைக்கு நடுவே மந்திரம் தடைபடாதது போன்றது இது.

பிளாப்பி எனக் கடைத்தெருவும் நெகிழ்வட்டு எனக் கலைச்சொல் அகராதிகளும் வழங்கும் பொருள், காந்தத் துகள் பூசிய மெல்லிய நெகிழி வட்டு உறைக்குள் சுழல, அதன்மேல் தலை என்னும் உறுப்பு உரசி எழுதவும் படிக்கவும் செய்யும் சேமிப்புக் கருவியாகும். 1971இல் ஐ.பி.எம். நிறுவனம் இதனை 8 அங்குல அகலத்தில் வெளியிட்டது. 1976இல் ஷூகார்ட் நிறுவனம் 5.25 அங்குலமாகக் குறைத்தது. பின்னர் சோனி 3.5 அங்குலமாக்கிக் கெட்டியான கூட்டுக்குள் வைத்தது. எழுத்தழியாமல் காப்பதற்கு 5.25 அங்குல வட்டின் ஓரவெட்டை மூட வேண்டும், 3.5 அங்குல வட்டின் மூலைத்துளையைத் திறக்க வேண்டும். இரண்டையும் கையாளும் வீட்டில் எதைக் காக்க எண்ணினரோ அதுவே அழிந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

3.5 அங்குல வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட் என்பது உலகறிந்த செய்தி. பக்கம் இரண்டு, பக்கத்துக்குத் தடம் 80, தடத்துக்குப் பகுதி 18, பகுதிக்கு 512 பைட் எனப் பெருக்கினால் வருவது 14,74,560. இதனை 10 லட்சத்தால் வகுத்தால் 1.47 ஆகும், 1024ஆல் இருமுறை வகுத்தால் 1.41 ஆகும், ஒருமுறை 1024ஆலும் மறுமுறை 1000ஆலும் வகுத்தாலன்றி 1.44 வாராது. எந்த அளவைக்கும் நேர்படாத இவ்வெண்ணை உலகம் முழுவதும் ஏற்றதற்கு ஒரே காரணம், அது உறையின்மேல் அச்சிடப்பட்டிருந்தமையே. அச்சில் வந்துவிட்டதால் நிலைபெற்ற அரசர் ஆண்டுகளைக் கொண்டு வாழ்வோர் இதில் குறை காணார்.

வைரஸ் பற்றி விரிப்பின் பெருகும்: 1986இல் லாகூரிலிருந்து ‘பிரெய்ன்’ புறப்பட்டது, 1990இல் இந்தியாவில் தோன்றிய ‘ஜோஷி’, ஜனவரி 5 அன்று தனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்வரை பொறியை விடாது.

இனி ஆய்வின் உயிர்நிலையான லேபிளியலுக்கு வருவோமாக. பிளாப்பியின் நெற்றியில் ஒட்டிய தாள்துண்டு லேபிள் எனப்படும். செஞ்சிக்குக் கல்வெட்டு ஆராய வருவோர் மலையேறி வியர்வை சிந்த வேண்டியிருக்க, லேபிள் ஆராய்வோர் மின்விசிறியின் கீழ் அமர்ந்தே அதே அளவு ஐயத்தை உண்டாக்க முடியும் என்பது இத்துறையின் முதற்சிறப்பு. லேபிள்கள் அடுக்கடுக்காக எழுதப்பட்டவை. அடியில் பென்சிலால் ‘லெட்டர்ஸ்’ என்றிருக்கும். அதை அடித்து நீலப் பேனாவால் ‘கேம்ஸ்’ என்றிருக்கும். பக்கத்தில் ‘கேம்ஸ் நியூ’ என்றும், அதன் தலைமேல் ‘நியூ 2’ என்றும் வரும். இவற்றுள் ‘நியூ’ என்று எழுதப்பட்டதே ஆகப் பழையது என்பது துணிபு. ‘டெலிட் செய்யாதே’ என்னும் தொடர் காணப்படும் வட்டில் யாதும் எஞ்சியிருப்பதில்லை.

ஒரு வட்டின் லேபிள் ஆங்கிலத்தில் நான்கெழுத்தாக எழுதப்பட்டு, முதலெழுத்து விரல்பட்டுத் தேய்ந்து, ‘ஏவ்’ என்னும் ஓசை மட்டுமே எஞ்சியது எனக் கொள்வோம். இதன்மேல் மூன்று கட்சிகள் எழுகின்றன. ‘டேவ்’ என்று படிப்போர், ஜான் ரொமேரோ 1988இல் ஆப்பிள் பொறிக்கு எழுதிப் பின்னர் டாஸுக்கு மாற்றிய ‘டேஞ்சரஸ் டேவ்’ விளையாட்டே உள்ளிருப்பது என்பர். ‘சேவ்’ என்று படிப்போர், இது நெல் மண்டிக் கணக்கைச் சேமித்த வட்டென்றும், விளையாட்டென்று சொல்வது வணிகர் மரபை இழிவுபடுத்துவதென்றும் சினப்பர். இவர்க்கு ஆதாரம், ஒரு ரசீதுப் புத்தகத்தின் கார்பன் படியில், எண் தேய்ந்த பக்கத்தில், தேநீர்க் கறைக்குத் தெற்கே மூன்றாம் வரி. ‘கேவ்’ என்று படிப்போர்தாம் மூவருள்ளும் கற்றறிந்தவர். குகையைக் குறிக்கும் இச்சொல் செஞ்சிப் பாறைகளையன்றி வேறெதையும் சுட்டாது என்றும், விளையாட்டில் தரப்படும் மூன்று உயிர்கள் மூன்று குன்றுகளே என்றும், ஆகவே குகை விளையாட்டு வடிவம் இங்கே தோன்றிக் கடல்கடந்து போயிருத்தல் வேண்டும் என்றும் அவர் நிறுவுவர். இதற்கு அவர் காட்டும் நூல், அச்சேறாதது, ஏட்டிலும் இல்லாதது, ஒரு மின்கட்டண அட்டையின் பின்புறம் எழுதப்பட்டுக் கட்டணம் செலுத்திய அன்றே தொலைந்தது. அதன் உரை மட்டும், மூலத்தைக் காணாத ஒருவரால் இயற்றப்பட்டு, அவ்வுரையைக் காணாத மற்றொருவரால் மறுக்கப்பட்டுள்ளது. இவ்விரு நூல்களும் எந்த நூலகத்திலும் கிடையாமையே அவற்றின் அருமைக்குச் சான்று. எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்து வேறெங்கோ மாட்டிப் பொருள் கொள்ளும் உரிமையை நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டு உரையிலேயே வழங்கிவிட்டார் என்பதால், கேவ் கட்சியாரை முறைப்படி மறுக்கவும் வழியில்லை. நச்சினார்க்கினியர் அவ்வுரிமையைத் தம் பேரறிவோடு சேர்த்தே வழங்கினார் என்பதும், பின்வந்தோர் உரிமையை மட்டும் பெற்றுக்கொண்டனர் என்பதும் வேறு செய்தி.

வட்டை டிரைவில் இட்டுப் பார்த்தால் என்ன என்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். உள்ளே இருப்பதைக் காண்பது அகச்சான்றா, திரையில் தோன்றுவதால் புறச்சான்றா என்னும் வினா தீராமையின் அம்முறை மூன்று கட்சியாராலும் ஒருமனதாகத் தள்ளப்பட்டது. அவர்கள் உடன்பட்ட ஒரே இடம் இதுவே.

வேகம் குறித்துச் சிறிது. 1981இல் வந்த ஐ.பி.எம். பொறி நொடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது; அக்கால விளையாட்டுகள் பல அத்துடிப்பையே கடிகாரமாகக் கொண்டமையின், பிற்காலப் பொறிகளில் அவை கண்ணிமைக்கும் முன் ஆடி முடிந்தன. எனவே பெட்டியின் முகப்பில் டர்போ என்றொரு பொத்தான் வைத்தனர். அது வேகத்தைக் குறைப்பதற்கு.

எல்லாம் செய்து முடித்து, தலையை ஆல்கஹாலால் துடைத்து, வட்டின்மேல் படர்ந்த பூஞ்சையையும் நீக்கி, ஏ டிரைவில் இட்டபின் திரையில் தோன்றுவது பெரும்பாலும் ஒரு வினாவே. கைவிடுவதா, மீண்டும் முயல்வதா, தோல்வியை ஏற்பதா என்று டாஸ் கேட்கிறது. இம்மூன்றும் செஞ்சி வரலாற்றின் முப்பெரும் நிலைகள் என்பதை இதுவரை எவரும் கண்டிலர். கைவிடுதல், முற்றுகைக்குள் அகப்பட்டிருந்து கோட்டை வீழுமுன் தப்பிச் சென்ற மராட்டிய மன்னர் ராஜாராமின் வழி. மீண்டும் முயலுதல், 1690இல் தொடங்கி 1698 வரை கோட்டையைக் கைப்பற்ற முயன்ற மொகலாயத் தளபதி சுல்பிகார் கானின் வழி. தோல்வி, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714இல் களத்தில் வீழ்ந்த தேசிங்கு ராஜனுடையது; வென்றவரை மறந்து தோற்றவரைப் பாடும் ஊரில் இவ்விசையை அழுத்த வெட்கப்பட வேண்டியதில்லை. மூன்றும் இவ்வளவு அழகாகப் பொருந்துவதால், பொருத்தம் உண்மையா என்று மேலும் ஆராய்வது மிகையாகும். டாஸின் முந்திய பதிப்புகளில் ‘புறக்கணி’ என்றொரு விடையும் இருந்தது. படிக்க முடியாத பகுதியைப் படித்தது போலவே பாவித்து மேற்செல்லும் இம்முறையைக் கணிப்பொறி கைவிட்டுவிட்டது. ஆய்வரங்குகளில் இன்றும் வழக்கில் உள்ளது.

வட்டை வெளியே எடுத்து, உதறி, ஊதி, மீண்டும் இடுவது என்னும் மற்றொரு வழி எந்தக் கையேட்டிலும் சொல்லப்படவில்லை. சிற்சில வேளை அதனால் விளையாட்டு ஓடியும் விடுகிறது. ஓடத் தொடங்கிய வட்டைப் பற்றிக் கருத்து வேறுபட ஒன்றும் எஞ்சாமையின், அவ்வழி இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.