சுருக்குன்னு அடிச்சா சாமி வந்திருச்சா?

என்னலே பேராண்டி, கார் கதவைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குதாமே? உடம்புல ஏதோ சக்தி ஊறுதுன்னு கூட்டாளிமாருகிட்டச் சொல்லித் திரியிறியாம். அதை அடக்கக் காந்த வளையல் வேற வாங்கியிருக்க. நல்லாருக்கு! குறி சொல்ல எப்ப உக்காரப் போற?

சக்தியுமில்ல, சாமியுமில்ல. நீ போட்டிருக்கிறது பாலியஸ்டர் சட்டை. அது சீட்டு உறையோட உரசுது. நீ எந்திரிச்சுப் பிரியயில ஒண்ணுல இருந்த எலக்ட்ரான் இன்னொண்ணுக்குப் போயிருது. புதுசா எதுவும் முளைக்கல. பக்கத்து வீட்டுல ஒரு படி அரிசி கைமாத்து வாங்குனா, இங்க கூடுனது அங்க குறையுமா இல்லையா? அம்புட்டுத்தான் கணக்கு.

இதுல கூத்தைக் கேளு. எலக்ட்ரான் கூடுன பக்கம் மைனஸாம், குறைஞ்ச பக்கம் பிளஸாம்! ஃபிராங்க்ளின் அய்யா பேரு வச்ச காலத்துல எலக்ட்ரானை எவன் கண்டான்? தாம்சன் கண்டுபிடிச்சதே 1897-லதான். பெரிய மனுசன் வச்ச பேரை மாத்த எவனுக்குத் தைரியம் வரும்?

விரல்ல சுருக்குன்னு தைக்கணும்னாலே சுமாரா 3,000 வோல்ட் வேணும். வீட்டுக் கரண்டு வெறும் 230. பெறகு எப்படி உசுரோட டீ குடிச்சிக்கிட்டிருக்க? வோல்ட் பெருசு, சரக்கு சொற்பம். கண்ணை மூடித் தெறக்குறதுக்குள்ள தீந்துபோகும்.

நம்பிக்கை வரலையா? சீப்பை எடுத்துத் தலையைச் சீவி, காயிதத் துணுக்குக்கிட்ட நீட்டு. என் தலையில சீவுனா ஒண்ணும் நடக்காது, எண்ணெய் வழியிது. உன்னது ஷாம்பு போட்டுக் காஞ்ச தலை. துணுக்கு துள்ளிக்கிட்டு வரும். காயிதத்துலதான் மின்சுமை, அதான் சார்ஜு, ஏறலையே, ஏன் வருது? சீப்புல மைனஸ் ஏறியிருந்தா, காயிதத்து எலக்ட்ரானை அந்தாண்ட தள்ளும். இந்தாண்டப் பக்கம் பிளஸ் தலைதூக்கும். கிட்ட இருக்கிறதைப் பலமா இழுக்கும், எட்ட இருக்கிறதை லேசாத்தான் தள்ளும். தூரம் ரெண்டு மடங்கானா விசை நாலுல ஒரு பங்காயிரும்னு கூலும் 1785-லேயே அளந்து சொல்லிட்டாரு. ஒட்டுன துணுக்குல சிலது சட்டுன்னு தெறிச்சு ஓடும் பாரு. சீப்போட சுமை அதுக்கும் ஏறிருச்சு. ஒரே இனம் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும்.

ஏசி ரூமுல ஏன் கூட அடிக்குது? காத்து காஞ்சுகெடக்கு. ஈரக் காத்துன்னா மேல படியிற ஈரமே சுமையை வடிச்சிரும். நூல் மில்லுல ஈரக் காத்தை ஊதிவிடுறாங்களே, நூல் அறாம இருக்கவும் இந்தச் சுமை சேராம இருக்கவும்தான். சிவகாசியில பட்டாசு மருந்து கலக்குறவுக நைலான், பாலியஸ்டர் உடுத்தக் கூடாது, பருத்திதான். அங்க சுருக்குன்னா, வந்து பெருமை பீத்த ஆள் இருக்காது.

வளையலைக் கடைக்காரன் திருப்பி எடுக்கிறானான்னு பாரு. காந்தத்துக்கும் இந்தச் சுமைக்கும் சம்பந்தமே இல்ல. கார்ல இருந்து இறங்கயில கதவோட இரும்பைப் பிடிச்சுக்கிட்டே இறங்கு. மறந்துட்டியா, சாவியைக் கையில பிடிச்சு அதால தொடு; பொறி சாவி நுனியில பறக்கும், விரலுக்கு நோகாது. ஆனா கேன்ல பெட்ரோல் பிடிக்கப் போனா மட்டும் வெளையாட்டு வேணாம். கேனை வண்டியில வச்சுப் பிடிக்காத, தரையில எறக்கி வச்சுப் பிடி.