பச்சைக் கம்பி

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பச்சைக் கம்பி பிய்ந்துகொண்டு கையோடு வந்துவிட்டது. எந்தப் பச்சைக் கம்பி என்று கேட்பவர்கள் பாக்கியவான்கள். அவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளில் முதலில் ஆர்மை மாற்றுவதா, கார்ட்ரிட்ஜை மாற்றுவதா என்ற பஞ்சாயத்தை இன்றோடு தீர்த்துவிடத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கம்பி.

ஹெட்ஷெல்லில் நான்கு கம்பிகள். வெள்ளையும் நீலமும் இடது காதுக்கு, சிவப்பும் பச்சையும் வலது காதுக்கு. நுனியில் எள்ளளவு கிளிப். அதைக் கார்ட்ரிட்ஜின் பின்னில் செருக வேண்டும், அவ்வளவுதான். விரல் நுழையாது. இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் கிளிப் நசுங்கும், மெல்லப் பிடித்தால் நழுவும். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட நான்கு சம்பந்திகள் மாதிரி. வெள்ளையைக் கெஞ்சி உட்கார வைத்தால் சிவப்பு எழுந்து போகும். சிவப்பின் காலில் விழுந்து அழைத்து வந்தால், 'எனக்கு மட்டும் காப்பி இல்லையா' என்று நீலம் முறைக்கும். மூன்றையும் பந்தியில் உட்கார்த்தி இலை போட்டு, நெற்றியில் ஏற்றிய கண்ணாடியை இறக்கி, அடக்கிவைத்த மூச்சை விட்டேன் பாருங்கள், அந்த மூச்சுக்கே பச்சை கிளம்பிவிட்டது. பச்சைதான் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவரைக் கொஞ்சம் அதட்டித் தள்ளினேன். கழுத்தோடு வந்துவிட்டார்.

"ஏங்க, பாட்டு வருமா வராதா?" என்றாள் மனைவி. இந்த வீட்டில் பாட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது.

இத்தனைக்கும் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1979-இல் வந்த மாடல். பெல்ட் கிடையாது, தட்டுக்கு நேர் கீழே மோட்டார், குவார்ட்ஸ் கட்டுப்பாடு. ஓரத்துப் புள்ளிகள் சிவப்பு வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும். கம்பெனிக்காரனே 2010-இல் 1200 வரிசையை நிறுத்திவிட்டு, மனசு கேட்காமல் 2016-இல் திரும்பக் கொண்டுவந்தான். குறை எனக்குத்தான்.

நண்பர் ஒருவர் வந்து கேட்டார். "ஊசி பரவாயில்லை மாப்ளே... ஆனா டெனான் டிஎல்-103 கேட்டிருக்கியா?" ஜப்பான் வானொலி என்எச்கேவுக்காக 1962-இல் உருவானதாம். வாங்கினேன். பழைய கார்ட்ரிட்ஜ் 5.5 மில்லிவோல்ட் தந்தது. இது தருவது 0.3. சத்தம் போதவில்லை, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். இந்த ஊசிக்குக் கனமான ஆர்ம் வேண்டுமாம், நம்முடையது 12 கிராம்தான். கனமான ஹெட்ஷெல் வாங்கினேன். பின்னால் இருந்த எதிரெடை போதவில்லை. அதற்கும் ஒரு குண்டு. கோவணத்தைக் காப்பாற்றப் பூனை வளர்த்த சாமியாருக்காவது கடைசியில் ஒரு குடும்பம் மிஞ்சியது.

இப்போதெல்லாம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' எல்பியைப் போட்டால் வயலின் கேட்பதில்லை, ஊசி கேட்கிறது. நாலு நிமிஷம் ஓடினால் எழுந்துபோய் எதிரெடையை அரை மயிரிழை திருப்புகிறேன். இதற்கு 'ரசனை' என்று பெயர் வைத்தவனை நேரில் பார்க்க வேண்டும்.

காலையில் நண்பருக்கு போன் செய்து நாலு வார்த்தை திட்டலாம் என்றிருந்தேன்.

"பச்சை போச்சா? நல்லதாப் போச்சு மாப்ளே. வெள்ளிக் கம்பி செட் ஒண்ணு இருக்கு, வலது பக்கம் அப்படியே திறந்துக்கும்."

என்ன விலை என்று கேட்டேன்.