வாயால் சுடாதே

2004, 2005 வாக்கில் எங்கள் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமம் போகும் வழியில் பிரவுசிங் சென்டர்கள் பெருகியிருந்தன. வாசலில் ஜெராக்ஸ் மிஷின். உள்ளே பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே கம்ப்யூட்டர்கள். முன்வரிசையில் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். பின்வரிசை எங்களுடையது. கேபிள் போட்டு இணைத்த கம்ப்யூட்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுவோம். யார் சுட்டான் என்று தெரியவேண்டுமானால் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தால் போதும்.

வீட்டில் அந்த இடத்துக்கு நல்ல பெயர் கிடையாது. ஸ்கூல் முடிந்து பையன் அங்கே போனான் என்று தெரிந்தால் அன்றைக்கு வீடு ரெண்டாகும். கண்முன்னே வீட்டில் உட்கார்ந்திருந்தால் பிள்ளை கெடாது என்பதுதான் அன்றைய பெற்றோரின் நம்பிக்கை. இன்று அதே ஆட்டம் வீட்டுக்குள்ளேயே, கட்டிலில் படுத்தபடி நடக்கிறது. எது காவல் இல்லாத இடம் என்ற கணக்கே தலைகீழாகிவிட்டது.

ஏனென்றால் அந்தக் கடையில் காவல் இருந்தது. கடையை நடத்திய அண்ணனுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதில் தலையிடமாட்டார். கத்துவதும் கேலி பேசுவதும் ஆட்டத்தோடு போகட்டும் என்று விட்டுவிடுவார். ஆனால் அம்மாவையோ அக்காவையோ இழுத்து ஒரு வார்த்தை வந்தால் எழுந்து வந்து அந்த மானிட்டரை அணைப்பார். "ஆட்டத்துல சுடு, வாயால சுடாத. போய் தண்ணி குடிச்சிட்டு வா" என்பார். திரும்பி வந்த பிறகும் அதே பேச்சு என்றால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. மிச்ச நேரத்துக்கான காசை எண்ணிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். மறுநாள் அதே பையன் வந்து நின்றால், ஒன்றும் நடக்காததுபோல் சிஸ்டம் போட்டுக் கொடுப்பார்.

ஒரு பௌர்ணமி மாலை. கிரிவலக் கூட்டத்தால் சாலை அடைத்துக் கிடந்தது. யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாமல் கடை நிரம்பியிருந்தது. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒருவன் எதிரணிப் பையனின் சாதியைச் சொல்லித் திட்டினான். அண்ணன் அன்றைக்குத் தண்ணீர் குடிக்க அனுப்பவில்லை. அவனை வெளியே கூட்டிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மட்டும் உள்ளே வந்து, திட்டு வாங்கியவனிடம், "நீ ஆடுறா. அவன் உங்கிட்ட மன்னிப்பு கேக்குற வரைக்கும் இந்தப் படி ஏறமாட்டான்" என்றார். எல்லாத் தப்புக்கும் ஒரே தண்டனை இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு நொடியும் குழப்பமில்லை.

அந்தக் காலத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பின்வரிசையில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சண்டை இல்லாத கடையாக அது இருந்ததற்கு, ஊரில் பாதிப் பேருக்கு அங்கே நாற்காலியே இல்லாததும் ஒரு காரணம். சட்டம் எல்லாம் அண்ணனின் வாய்ச்சொல்தான். எழுதி ஒட்டியது எதுவும் இல்லை. அவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆள் பார்த்து, வீட்டு வசதி பார்த்து நீதி சொன்ன கடைகளும் அதே சாலையில் இருந்தன. அங்கே துரத்தப்பட்டவன் போய் முறையிட இடம் கிடையாது.

இப்போதைய காட்சிக்கு வருவோம். செல்போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டமான பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. மறு ஆண்டு ஜூலையில் அதுவே பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி வந்தது. 2022-இல் மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் நேரக் கட்டுப்பாட்டோடு திரும்பியது: 18 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6. ஒரு தீவில் 100 பேர் இறங்குகிறார்கள். எதிரில் இருப்பவன் எந்த ஊர் என்று தெரியாது. எட்டிப் பார்க்கத் தடுப்பும் இல்லை, எழுந்து வர அண்ணனும் இல்லை.

வேட்டவலம் சாலையில் இருக்கும் அக்கா வீட்டில் அவள் பிள்ளைகள் இருவரும் ஆடுகிறார்கள். மகள் என்னைவிட எத்தனையோ மடங்கு கெட்டிக்காரி. ஆனால் மைக்கைத் திறப்பதே இல்லை. ஸ்க்வாடில் நாலு பேரும் பேசிக்கொண்டு ஆடினால்தானே ஜெயிக்க முடியும் என்று கேட்டேன். "மைக் போட்டா பொண்ணுன்னு தெரிஞ்சிடும் மாமா. அப்புறம் ஆட்டத்தப் பத்தி யாரும் பேசமாட்டாங்க" என்றாள். அன்று நாற்காலியே இல்லாமல் இருந்தது. இன்று நாற்காலி கிடைத்தும் வாய் திறக்க முடியவில்லை. இதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வார்த்தையை யாரும் தடுக்காவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பப்ஜி ஆட்டத்தை நேரலையில் காட்டிக்கொண்டே பெண்களை ஆபாசமாகப் பேசியதாகப் புகார்கள் குவிந்து, மதன் என்ற யூடியூபரை 2021 ஜூனில் சென்னை போலீஸார் நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் கைது செய்தார்கள். அடுத்த மாதம் குண்டர் சட்டமும் பாய்ந்தது. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்க இடம் தரும் சட்டம் அது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்த சேனல். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். முதல் கெட்ட வார்த்தைக்கும் கைவிலங்குக்கும் நடுவில் படிப்படியாக எத்தனையோ கண்டிப்புகள் இருந்திருக்க வேண்டும். அந்த இடம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் போலீஸ் வந்தது.

பணத்துக்கு நம் அரசுகள் வேலி போடாமல் இல்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் விதி செய்தது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றியது. கடனாளியாகித் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்களைப் பார்த்தவர்கள் யாரும் இந்த வேலியைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் வார்த்தையால் அடிபட்டவளுக்கு என்ன இருக்கிறது? 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 15 நாளில் தீர்க்க வேண்டும் என்றன. ஆட்டமோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பதில் வரும்போது திட்டியவன் யார் என்பதே அவளுக்கு மறந்திருக்கும். திட்டு மட்டும் மறந்திருக்காது.

அக்கா மகன், தான் ஆடும் கிளானுக்கு, அதாவது ஆட்டக் குழுவுக்கு, மாடரேட்டர்; அங்கே பேச்சைக் கண்காணிப்பவன். வயது 19. சம்பளம் கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கும் வாய்ஸ் ரூமில் காது வைத்து உட்கார்ந்திருக்கிறான். "கெட்ட வார்த்தைய மெஷினே புடிச்சிடும்னு சொல்றாங்க மாமா. நம்ம பசங்க தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு, நடுவுல ஒரு புள்ளி வெச்சா அதுக்கு ஒண்ணும் புரியாது. நாங்கதான் படிச்சுப் பாத்து மியூட் பண்ணணும்" என்றான். கொஞ்சம் கடுமையாக இருந்தால், ஆட்டத்தின் சுகமே போச்சு என்று பாதிப் பேர் விலகுகிறார்கள். விட்டுப் பிடித்தால் பெண் பிள்ளைகளும் சின்னப் பையன்களும் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். விலகுகிறவன் கத்திவிட்டுப் போவதால் அந்த நஷ்டம் காதில் விழுகிறது. சத்தமில்லாமல் போனவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. மாடரேட்டர்கள் விட்டுக்கொடுப்பதற்குக் காதில் விழும் அந்த நஷ்டம்தான் பெரும் காரணம்.

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் 2011-இல் ஆட்டக்காரர்களையே நீதிபதியாக்கி ஒரு மன்றம் தொடங்கினார்கள். 2014-இல் அது மூடப்பட்டாலும் ஒரு பாடம் தந்துவிட்டுப் போனது: எந்தப் பேச்சுக்காகத் தண்டனை என்பதைத் தண்டனை பெற்றவருக்கு எடுத்துக் காட்டினால், திருந்துகிறவர்கள் அதிகமாகிறார்கள் என்று அந்த ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் கண்டது. நாங்கள் ஆடிய கவுன்டர் ஸ்ட்ரைக்கின் பிந்தைய பதிப்பில் 2013-இல் இன்னொரு முறை வந்தது. ஏமாற்றியதாகப் புகார் வந்தால், சந்தேகத்துக்குரியவரின் பெயரை மறைத்துவிட்டு ஆட்டப் பதிவை மட்டும் அனுபவசாலிகளிடம் காட்டித் தீர்ப்புக் கேட்டார்கள். ஆள் பார்த்து நீதி சொன்ன செங்கம் சாலைக் கடைகளுக்கு இல்லாத ஒழுங்கு அது.

எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்று கேட்டால், என் பதில் இதுதான். சாதி சொல்லி இழிப்பது, பெண்ணிடம் ஆபாசம் பேசுவது, சிறு பிள்ளைகளிடம் தகாத பேச்சு, வீடு தேடி வருவேன் என்ற மிரட்டல், இவற்றுக்கு எச்சரிக்கையே வேண்டாம். முதல் தடவையிலேயே வெளியே அனுப்ப வேண்டும். ஆட்டச் சூட்டில் வாய் தவறும் வசவுக்கு அந்த நொடியே சில நிமிட மியூட் போதும். காரணத்தையும் கூடவே சொல்ல வேண்டும். தண்டனைக்கு முடிவு நாள் இருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு மாடரேட்டர் அல்லாத இன்னொருவர் இருக்க வேண்டும். கேலி, கத்தல், 'நூப்' (கத்துக்குட்டி) என்ற கிண்டல், நிர்வாகத்தைக் குறை சொல்லும் பேச்சு, இவற்றைத் தொடவே கூடாது. அவற்றையும் நசுக்குகிற மாடரேட்டர், ஒழுங்கைக் காக்கவில்லை. தன் நாற்காலியைக் காத்துக்கொள்கிறார்.

இந்தப் பாரத்தைச் சம்பளமில்லாத 19 வயதுப் பையன் தலையில் ஏற்றிவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கக் கூடாது. துப்பாக்கிக்கு வண்ணம் பூசவும் உடை மாற்றவும் நம் பிள்ளைகளிடம் காசு வாங்குகிறவர்கள், தமிழில் எது கேலி, எது வசை என்று காதால் பிரித்தறியக்கூடியவர்களைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். மாலை ஆறு மணிமுதல் நள்ளிரவுவரை, பிள்ளைகள் ஆடுகிற நேரத்தில் அவர்கள் வேலையில் இருக்க வேண்டும்; புகாருக்கு ஆட்டம் முடிவதற்குள் பதில் வர வேண்டும். பெற்றோரும் போனைப் பிடுங்குவதோடு நிற்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டமாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அக்கா மகள் மைக்கைத் திறந்து "வலது பக்கம் ஆள் இருக்கு" என்று சொன்னால், அதற்குத் திரும்பி வருகிற பதில் ஆட்டத்தைப் பற்றியதாக மட்டும் இருக்க வேண்டும். அதுவரைக்கும் கண்டிப்பு போதவில்லை என்றே சொல்வேன்.