15 சதவீதக் கணவர்

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பலகைகள் நின்றன. கார் போகும் பாதைக்கு இடப்பக்கம் ஜோ பைடன், வலப்பக்கம் எலிசபெத் வாரன். வீடு ஒன்றுதான். பைடன் பெரியவருக்கு, வாரன் அவர் மனைவிக்கு. இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. இருவரும் பரம்பரை ஜனநாயகக் கட்சி.

எதிர்வீட்டுக்காரர் டிரம்ப் ஆள். அவரோடு இவர்களுக்கு ஒரு தகராறும் கிடையாது. அவருடைய பனி தள்ளும் மெஷினைத்தான் பெரியவர் இரவல் வாங்குவார். தள்ளிய பனியெல்லாம் எப்படியோ வாரன் மேலேயே போய் விழும். அந்த அம்மா கையுறை மாட்டிக்கொண்டு வந்து வாரனைத் தோண்டியெடுத்து, தட்டி, நேராக நிறுத்துவார். பைடன் சாய்ந்து கிடந்தால் அது அவர் கண்ணில் படாது. எங்கள் அயோவா மாநிலத்தில் எதிரியோடு சண்டை நவம்பரில்தான். ஜனவரியும் பிப்ரவரியும், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று அடித்துக்கொள்ளும் பங்காளிகளுக்கு.

எனக்கு ஓட்டு இல்லை, வெறும் கிரீன் கார்டு. அதனாலேயே பஞ்சாயத்துக்கு நான்தான் தோதான ஆள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் ஜிம்மி கார்ட்டரில் ஆரம்பித்தது. 1976-இல் ஊர் பேர் தெரியாத கடலை விவசாயியாக வந்த கார்ட்டரை அயோவாதான் ஜனாதிபதி ஆக்கியது, அவர் கையைக் குலுக்கிய கை இது என்று பெரியவர் வலது கையைக் காட்டினார். "அந்த வருஷம் முதலிடம் யாருக்கு? அதையும் சொல்லுங்கள்" என்றார் அம்மா. பெரியவர் உருளைக்கிழங்கில் கவனமானார். முதலிடம் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்றவர்களுக்கு. கார்ட்டர் இரண்டாவது. "காலி நாற்காலியிடம் தோற்றவருக்கு இவ்வளவு பெருமை" என்று அம்மா எனக்குச் சாலட்டை நகர்த்தினார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். நம்மூர்த் தலையாட்டலுக்கு ஆமாம், இல்லை இரண்டு அர்த்தமும் உண்டு என்பது அங்கே பெரிய சௌகரியம்.

மன்னார்குடியிலிருந்து அப்பா போனில் கேட்டது வேறு கவலை. பக்கத்துத் துளசேந்திரபுரம் கமலா ஹாரிஸின் தாத்தா ஊர். "நம்ம ஊர்ப் பொண்ணு ஏம்ப்பா போட்டியிலேருந்து பாதியிலேயே விலகிடுச்சு?" பணம் போதவில்லையாம் என்றேன். "இங்க கேட்டிருந்தா வசூல் பண்ணியிருப்போமே" என்றார்.

2020 பிப்ரவரி 3, இரவு ஏழு மணி. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஓர் ஓரமாக பெஞ்சு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சி அப்போது நடத்திய காக்கஸ் கூட்டத்தில் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. உங்கள் ஆளுக்கென்று ஒரு மூலை, அங்கே போய் ஊரறிய நிற்க வேண்டும். என் அம்மா ஐம்பது வருஷமாக யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று அப்பாவுக்கே தெரியாது. அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் கூடத்தின் நட்டநடுவில்தான் நிற்பாள்.

கூடைவளையத்துக்கு அடியில் பெர்னி சாண்டர்ஸின் இளவட்டங்கள் நின்றார்கள். எதிரே பீட் புட்டிஜெஜ் கூட்டம். அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று சட்டையிலேயே அச்சடித்துப் போட்டிருந்தார்கள். 'சுப்பிரமணியன்' என்ற பெயரோடு இருபது வருஷம் அமெரிக்காவில் தள்ளிய எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் பைடன் ஆட்கள், பாதிப்பேர் மடக்கு நாற்காலியில்.

எண்ணினார்கள். வந்தவர்கள் 200 பேர். ஒரு மூலை பிழைக்க 15 சதவீதம், அதாவது 30 பேர் வேண்டும். பெரியவர் மூலையில் 26. ஏமி குளோபுச்சார் மூலையும் தேறவில்லை. தேறாதவர்கள் இடம் மாறலாம், தேறிய மூலைக்காரர் அசையக் கூடாது. அப்புறம் நடந்தது சந்தைதான். குளோபுச்சார் ஆட்கள் பைடன் ஆட்களைக் கூப்பிட்டார்கள், அவர்கள் இவர்களைக் கூப்பிட்டார்கள், யாரும் போகவில்லை. வாரன் மூலையிலிருந்து வீட்டில் சுட்ட குக்கீ டப்பா ஒன்று மெல்ல ஊர்ந்து வந்தது. டப்பாவுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அம்மா.

"நாற்பத்தாறு வருஷத்தில் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை" என்று தொடங்கினார். பெரியவர் அதை மறுத்துச் சில உதாரணங்கள் சொன்னார். ஒரு குக்கீ எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, மனைவியைத் தாண்டி, வாரனைத் தாண்டி, நேரே புட்டிஜெஜ் மூலையில் போய் நின்றார். குக்கீயை அங்கேயே சாப்பிட்டார்.

திரும்பும்போது காரில் பின் சீட்டில் நான். அம்மா ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "15 சதவீதம்கூடத் தேறாத மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்." ரேடியோவில் முடிவு வரவில்லை. முடிவை அனுப்பச் செய்த ஆப் சொதப்பிவிட்டது, போனில் சொல்லலாம் என்றால் லைன் கிடைக்கவில்லை. நாள்கணக்கில் இழுத்து வந்த முடிவிலும் பிரதிநிதிக் கணக்கில் புட்டிஜெஜ் ஒரு மயிரிழை முன்னால், தலைக்கணக்கில் சாண்டர்ஸ் முன்னால். இரண்டு பேருமே ஜெயித்தோம் என்றார்கள். பைடன் நான்காவது.

மார்ச் தொடக்கத்தில் புட்டிஜெஜ் விலகி பைடனுக்கு ஆதரவு சொன்னார். அதே வாரம் வாரனும் விலகினார். தண்ணீர்க் குழாயடியில் தேறாத மனிதர் ஜனாதிபதியானார். முதலிலிருந்தே தான் சரியாகத்தான் நின்றதாகப் பெரியவர் இன்றும் சொல்கிறார். நடுவில் மூலை மாறியது தந்திரமாம்.

2024-இல் ஜனநாயகக் கட்சி அயோவாவில் மூலைகளை எடுத்துவிட்டது. தபாலில் சீட்டு வந்தது. பைடனைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி யாரும் அதில் இல்லை. ஆனாலும் அந்த அம்மா இடது கையால் மறைத்துக்கொண்டு நிரப்பி, உறையை ஒட்டி, தானே நடந்து போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் பெரியவர் வேலிப்பக்கம் வந்து நின்றார்.

"உங்களிடம் ஏதாவது சொன்னாளா?"

இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.