விளக்கு போட்டு ஆள் பிடித்தல்

எல்.இ.டி. விளக்கு போட்டு மீன் பிடிக்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு தடை போட்டது. எங்கள் பெரியதாழைக் கரை வள்ளக்காரரைக் கேட்டால் காரணமும் சொல்வார்: வெளிச்சத்துக்கு மயங்கிக் குஞ்சும் குட்டியுமாக எல்லாம் வந்து மாட்டும். கரையில் விளக்கு போட்டு ஆள் பிடிக்க மட்டும் தடை ஏதும் இல்லை.

கொழும்புக் கோட்டையில் டச்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆஸ்பத்திரி, 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதப்பட்டு, 2011-இல் உணவகங்களும் கடைகளுமாக மறுபிறவி எடுத்தது. இப்படி எந்தப் பழைய கட்டடம் சாப்பாட்டுக் கடையானாலும், பின்னாலேயே விளக்கு வடிவமைப்பாளர் வந்துவிடுவார். 2700 கெல்வின் மஞ்சள் ஒளி, சுவரடியிலிருந்து மேல்நோக்கி. காரை உதிர்ந்த இடமெல்லாம் கலையாகிவிடும். தட்டில்தான் இருட்டு. மெனுவைப் படிக்க செல்போன் டார்ச். நண்டில் சதை எது, ஓடு எது என்பதைப் பல் கண்டுபிடிக்கும்.

எங்கள் கரையில் செவுளை விரித்து, சிவப்பைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே மீனுக்கு விலை கேட்பார்கள். வடிவமைப்பாளர்களே, நிறத்தை உள்ளபடி காட்டும் விளக்கு ஒன்றை, சிஆர்ஐ என்னும் நிறத்துல்லிய அளவு 90-க்கு மேல் இருக்கப் பார்த்து, மேசைக்கு நேர் மேலே தொங்கவிடுங்கள். பில்லுக்குக் காசு கொடுப்பது சுவர் அல்ல.