முதலாளி எந்த சீட்டில்?

கேள்வி: பி.எம்.டபிள்யூ. கார்களில் 3, 5, 7 என்கிறார்களே, என்ன வித்தியாசம்?
– வாசகர், செட்டியார்பட்டி

பதில்: 3, முதலாளியே ஓட்டுவது. 5, டிரைவர் லீவு போட்டால் மட்டும் ஓட்டுவது. 7-இல் முதலாளி முன் சீட்டைப் பார்த்தே இருக்கமாட்டார். பின்னால் இருப்பவருக்காகக் கூரையிலிருந்து 31 அங்குலத் திரை இறங்கும். நம்மவர்கள் எதை வாங்கினாலும் பின்னால்தான் உட்காருவார்கள் என்று தெரிந்து, 3-ஐயும் 5-ஐயும்கூட இங்கே நீட்டியே விற்கிறார்கள். மூன்றையும் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டுவது 2007-இல் திறந்த செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையில். அதனால் 'ஜெர்மன் கார்' என்று யாராவது அலட்டினால் கண்டுகொள்ளாதீர்கள்.

7-இன் நீளம் கிட்டத்தட்ட 5.4 மீட்டர். உங்கள் பக்கத்துத் தளவாய்புரம் கடைவீதியில் திரும்புமா என்று டேப் வைத்து அளந்துவிட்டு புக் பண்ணுங்கள். அங்கே தைக்கும் நைட்டி பண்டல் ஏற்றத்தான் என்றால் குட்டியானையே போதும்!