தரகர் காணிப்பாக்கம் வருவாரா?

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் புதிதாக வாங்கியவர் அதைப் பழைய கார் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். "இந்த சேஸிஸைச் சுருக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரே பண்ணினான்" என்பார். உண்மைதான். ஆனால் கலெக்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பதற்காக நமக்கு ஜீப் வந்துவிடுமா?

இந்தக் காரை விற்றுத் தரும் சித்தூர்த் தரகருக்கு "என்ஜின் கண்டிஷன் சார்" என்பது மூல மந்திரம். ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. "ரொம்ப நாள் நின்ன வண்டி. திருப்பதி வரைக்கும் ஓட்டுங்க, சரியாயிடும்" என்பார். ஓட்டினால் ஆயில்தான் தீரும்.

திருப்பதி மெக்கானிக் பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் கவிழ்த்து, டயர் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொள்வார். 948 சிசி, நாலு சிலிண்டர். ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், வால்வு லேப்பிங் என்று பட்டியல் நீளும். மொட்டை போட மலையேற வேண்டியதில்லை; ஒர்க்‌ஷாப்பிலேயே ஆகிவிடும். கட்டி முடித்ததும், "கொஞ்ச நாளைக்கு விரட்டாதீங்க சார், மெதுவாவே போங்க" என்பார். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்குக் கிடைக்கும் முதல் உபதேசம் இது.

சித்தூருக்குப் பக்கத்திலேயே காணிப்பாக்கம் பிள்ளையார் இருக்கிறார். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தரகரை அங்கே கூப்பிடுங்கள். வர மறுத்தால் ஒரு ரீபோர் செலவு மிச்சம்.